ஒரு பை செனான்

வாடை இல்லாத வாயுவை நான் நம்புவதில்லை. அமோனியா நல்லவன், தூரத்திலேயே குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவான். குளோரின் கெட்டவன், ஆனால் முகத்துக்கு நேரே கெட்டவன். அடுப்பெரிக்கும் வாயுவுக்குக்கூட வேண்டுமென்றே நாற்றத்தைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். இந்த ஆர்கான், செனான் கூட்டம் இருக்கிறதே, அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. பக்கத்தில் வந்து தோளில் கை போட்டாலும் தெரியாது.

நான் படித்தவன் இல்லை. சிலிண்டர் கிடங்கில் சுமை தூக்கச் சேர்ந்து அங்கேயே கிழவனானவன். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், கணக்குப் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் எந்தச் சிலிண்டரையும் அடியில் உருட்டிப் பார்த்தே நிறைந்ததா காலியா என்று சொல்வேன். அது படிப்பு இல்லை, முதுகுவலி.

கிடங்கில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது திருகைத் திறக்கும் சத்தம் கேட்டால் உடனே வாயை மூடிக்கொள்ள வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், மூச்சு இழுக்கவே கூடாது. என்ன வாயு, யார் திறந்தார்கள் என்று விசாரிப்பதெல்லாம் அப்புறம். ‘உஸ்’ என்று கேட்டதா, வாயை மூடு. இந்தப் பழக்கத்தை எங்களுக்குள் ஏற்றிவிட்டவன் நெட்டை.

நெட்டை என்னோடு சுமை தூக்கியவன். உயரத்துக்காக அந்தப் பெயர். ஒரு பட்டறைக்குச் சரக்கு இறக்கப் போனோம். அங்கே ஒரு எஃகுத் தொட்டி, ஆள் உயரத்துக்கு மேல். உள்ளே பற்றவைக்கும் வேலைக்காக ஆர்கான் நிரப்பியிருந்தார்கள். விளிம்பில் ஏறிக் குனிந்த நெட்டையின் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவி உள்ளே விழுந்துவிட்டது. நான் வண்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவன் இறங்கியிருக்கிறான். கத்தவில்லை, இருமவில்லை. நாங்கள் எட்டிப் பார்த்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், மத்தியானத் தூக்கம் போடுகிறவனைப்போல. மேலாளர் வந்து, ஆர்கான் விஷம் இல்லை, எதோடும் சேராது, யாரையும் ஒன்றும் செய்யாது என்று எல்லாருக்கும் விளக்கினார். அவர் சொன்னது உண்மைதான். அது ஒன்றும் செய்யவில்லை. காற்று இருக்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே.

இப்போது அதே குடும்பத்து ஆளை என் நெஞ்சுக்குள் விடச் சொல்கிறார்கள் என்றால் நான் என்ன செய்வேன்?

விட மாட்டேன் என்று எழுந்து வந்திருப்பேன். மனைவி மேலே இருக்கிறாளே.

மேலே என்றால் மலைமேல். சொர்க்கம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், ஆள் உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறாள். எங்கள் ஒரே மகள் மலைமேல் இருக்கும் ஊரில் மருத்துவமனை நர்ஸ். அவளுக்குக் குழந்தை பிறந்தபோது, ‘கொஞ்ச நாள் இருந்துட்டு வந்துடறேங்க’ என்று இவள் கிளம்பிப் போனாள். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பேசியது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

நீயும் போய்விட வேண்டியதுதானே என்பீர்கள். போனேன். கடைசி ஏற்றத்தில் பஸ் திரும்பிக்கொண்டிருக்கும்போது என் உதடு நீலமாகிவிட்டது என்று பக்கத்துச் சீட்டுக்காரர் கத்தினார். நான் எதையும் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கீழே ஆஸ்பத்திரியில் இருந்தேன். மனைவி மலையிலிருந்து இறங்கி வந்து கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். சில நாள் இருந்தாள். மகள் போன் மேல் போன் போட்டாள், குழந்தை சாப்பிடவில்லை என்று. போய்விட்டாள்.

பாதி கிடங்குப் புகை, பாதி சிகரெட். என் நுரையீரலின் கதை அவ்வளவுதான். ஊதச் சொன்னார்கள், ஊதினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் டாக்டர் ஒரு நாள் கையை விரித்துச் சொன்னார்:

“பெரியவரே, ஊதிப் பார்த்தா மொத்தக் கணக்குதான் தெரியும். எந்தப் பக்கம் வேலை செய்யுது, எந்தப் பக்கம் படுத்துடுச்சுன்னு தெரியல. செனான் படம் எடுத்துப் பார்ப்போம். நல்லா இருந்தா ஆக்ஸிஜன் மெஷினோட மலைக்கு அனுப்பறேன். இல்லன்னா அந்தப் பேச்சையே விட்டுடுங்க.”

அதனால்தான் போனேன். துணைக்கு ஆள் கூட்டிவரச் சொன்னார்கள். யாரைக் கூட்டிப் போவது? தனியாகத்தான் போனேன்.

அந்த அறை குளிர்ந்து கிடந்தது. நடுவில் பெரிய வளையம், அதற்குள் நீளமாக ஒரு படுக்கை. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துக்கொண்டது ஒரு டெக்னீஷியன் பெண். என் மகளைவிடச் சின்னவள். கம்பிகள் வைத்துத் தைத்த ஒரு மேல்சட்டையை எனக்கு மாட்டிவிட்டு, விரலில் ஒரு கவ்வியைப் பொருத்தினாள்.

“ஐயா, இந்தப் பையில இருக்கிறத ஒரே இழுப்பா இழுத்து, நான் விடச் சொல்ற வரைக்கும் அடக்கணும். செனான். எதோடயும் சேராது. உள்ள போகும், நாங்க படம் எடுப்போம், அப்படியே வெளிய வந்துடும். பயப்படாதீங்க.”

“யார் பயப்பட்டா? இதே பேச்ச ஆர்கானுக்கும் சொன்னாங்க.”

“யார் சொன்னா? யாருக்கு என்ன ஆச்சு?”

வேலை கிடக்கிறது என்று ஓடுவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். நெட்டையைப் பற்றிச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அந்தத் தொட்டியில அவருக்கு மூச்சு விட வேற எதுவுமே இல்லய்யா. அதான். இங்க ஒரு பை, ஒரு இழுப்பு. அடுத்த மூச்சு சாதாரணக் காத்து. ஆக்ஸிஜன் இறங்குச்சுன்னா இந்தக் கவ்வி முதல்ல என்கிட்டதான் கத்தும். தலை கொஞ்சம் கிறுகிறுன்னு இருக்கும், விரல் மரத்த மாதிரி இருக்கும். உடனே சரியாயிடும். இல்லவே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்.”

நேராகப் பதில் சொல்கிற ஆளிடம் சண்டை போடுவது கஷ்டம். இருந்தாலும் விடவில்லை.

“பேரே ஒரு தினுசா இருக்கே. செனான்னா என்ன அர்த்தம்?”

“அந்நியன்னு அர்த்தமாம். காத்துல எப்பவும் கூடவே இருந்திருக்கு. ரொம்ப காலம் யாருக்கும் தெரியல. கண்டுபிடிச்சவங்க வெச்ச பேரு.”

“ஆக, அந்நியன வீட்டுக்குள்ள விடச் சொல்ற.”

“ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டுப் போகட்டுமே. எந்த ரூம் திறந்திருக்கு, எது பூட்டிக் கிடக்குன்னு வந்து சொல்லும்.”

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் மைக்கில் சிரித்தான். அவனை முறைத்தேன்.

முதலில் சாதாரணக் காற்று அடைத்த பையில் பழக்கினாள். உட்கார்ந்தபடி, கண்ணால் பார்த்தபடி இழுத்தேன். சரியாக வந்தது. “சூப்பர்யா” என்றாள். பிறகு படுக்கவைத்து மூக்கில் கவ்வி போட்டாள், காதில் ஹெட்போனை மாட்டினாள், வாயில் குழாயைக் கொடுத்து வளையத்துக்குள் தள்ளினாள். அங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கூரைதான்.

“இழுங்க!”

அவள் திருகைத் திறந்தாள். ‘உஸ்’.

என் வாய் மூடிக்கொண்டது. பல்லால் குழாயைக் கவ்வி, நாக்கை வைத்து அடைத்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன். செய்தது நானில்லை. உடம்பு செய்தது. “இழுங்கய்யா, இழுங்க, இழுங்க” என்று அவள் கெஞ்சுவது கேட்டது. இழுத்துவிடலாம் என்று மனசார நினைத்தேன். மலையை நினைத்தேன். தாடை அசையவில்லை. பிறகு அவளே திருகை மூடிக் கையை எடுத்துவிட்டாள்.

பை வீண். அந்த வாயுவுக்கு ஏதோ ஒளியைக் காட்டி உசுப்பிவிடுவார்களாம். உசுப்பு இருக்கும்போதே உள்ளே இழுத்தால்தான் படம் விழுமாம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டால் பைக்குள் இருப்பது சும்மா செனான். அதை வைத்துக்கொண்டு கொஞ்சலாம், படம் எடுக்க முடியாது.

“இன்னொரு பை தயார் பண்ணச் சொல்றேன். இன்னிக்கு அதோட சரி. இது கிடைக்கறதே அபூர்வம்யா. இந்த மாதிரி ஒரு ரூம் நிறைய காத்து எடுத்துப் பிழிஞ்சா ஒரு ஸ்பூன் தேறும்.”

கிடங்கில் செனான் எப்போதாவது வரும். குட்டிச் சிலிண்டர். மற்றதெல்லாம் வெயிலில் கிடக்கும்போது அதை மட்டும் முதலாளி தன் அறையில், தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். அதற்கு அங்கே மின்விசிறிக் காற்று வேறு. அப்போது எனக்கு அதன்மேல் பொறாமையாக இருக்கும்.

வெளியே பெஞ்சில் உட்காரவைத்தாள். இதெல்லாம் வேறு எதற்கு ஆகும் என்று கேட்டேன். ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும்போல இருந்தது. கார் முகப்பு விளக்குக்கு ஆகும் என்றாள். விண்வெளியில் சுற்றும் செயற்கைக்கோளைத் தள்ளிவிட ஆகும். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்க ஆகும். அப்புறம் சினிமாக் கொட்டகை. திரையில் படம் விழ உள்ளே ஒரு விளக்கு எரியுமே, அதன் குடுவைக்குள் இதைத்தான் அடைப்பார்களாம்.

கல்யாணமான புதிதில் நானும் மனைவியும் வாராவாரம் சினிமாவுக்குப் போவோம். அவள் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிடுவாள். தலை என் தோளில் இருக்கும். எழுப்பினால் ‘பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்’ என்பாள். கதாநாயகன் யார் என்று கேட்டால் தெரியாது. தோள் மரத்துப்போய் நான் அசையாமல் உட்கார்ந்து படம் பார்ப்பேன். அத்தனை படத்தையும் இந்த அந்நியன்தான் காட்டியிருக்கிறான்.

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீட்ல யார்கிட்டயாவது பேசறீங்களா? கொஞ்சம் தைரியமா இருக்கும்.”

“தைரியத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. வாய்தான் திறக்கல.”

“சரி, சரி” என்று சொல்லிவிட்டு, நான் சேர்க்கையின்போது கொடுத்த போன் எண்ணைத் தேடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் அவள் பேசுவது கேட்டது, என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. நடுவில் ஒருமுறை சிரித்தாள். என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள் என்றால் எனக்கு ஆகாது. எழுந்து போகலாமா என்று பார்த்தேன். அதற்குள் புதுப் பை வந்துவிட்டது.

மறுபடி படுக்கை, மறுபடி வெள்ளைக் கூரை. வாயில் குழாய். ஹெட்போனில் கரகர என்று ஒரு சத்தம். பிறகு அவள் குரல். என் மனைவியின் குரல்.

“ஏங்க, கேக்குதா? வாயில குழாய் இருக்காம், பதில் பேசாதீங்க. இப்பவாவது நான் பேசறத முழுசா கேளுங்க. நீங்க இங்க வரவே வேணாம். நான் நிம்மதியா இருக்கேன். கட்டில் முழுக்க எனக்கே எனக்கு. குறட்டை இல்ல. உப்பு இல்லன்னு தட்டைத் தள்ளறவங்க இல்ல. ஜன்னலைத் திறக்காத, மூடாதன்னு உசிர எடுக்க ஆள் இல்ல. வந்து என்ன பண்ணப் போறீங்க? பேசாம அங்கயே கிடங்க!”

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இத்தனை வருஷம் இவளுக்கு உழைத்துப்போட்டு, குறட்டையாம், உப்பாம், ஒரு வெளி ஆள் காதுபட! விடுகிறேனா பார் என்று, பதில் சொல்ல நெஞ்சு முட்ட ஒரு மூச்சு இழுத்தேன்.

“அடக்குங்க!” என்று டெக்னீஷியன் பெண் கத்தினாள். “அப்படியே! விடாதீங்க!”

வளையம் டக்டக்கென்று அடிக்க ஆரம்பித்தது. மனைவி போட்ட சத்தத்தில் ‘உஸ்’ என் காதில் விழவே இல்லை. உள்ளே போனது காற்று இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. கனமாக இருந்தது. நெஞ்சுக்குள் யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து போகிறமாதிரி இருந்தது. விரல் நுனியெல்லாம் எறும்பு. படுக்கை என்னைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் மிதந்தது. அவளுக்குச் சொல்ல வைத்திருந்த பதிலைப் பிடித்துக்கொண்டேன். நல்ல பதில். அவள் அம்மா வீட்டையும் சேர்த்து இழுக்கிற பதில். பிடிக்கப் பிடிக்க அது நழுவியது. உப்பு போயிற்று, குறட்டை போயிற்று. அவள் குரல் மட்டும் நின்றது. எவ்வளவு நாளாயிற்று அவள் என்னை இப்படித் திட்டி. போனில் எப்போதும் சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று யாரோ மாதிரிதான் பேசுவாள்.

“விடலாம்! மூச்சு விடுங்க, நல்லா இழுத்து விடுங்க!”

குழாயையும் மூக்குக் கவ்வியையும் எடுத்தாள். வாயைத் திறந்தேன். அந்தக் கனமான வாயு தொண்டையில் மிச்சமிருந்ததோ என்னவோ, வந்தது என் குரல் இல்லை. கிணற்றுக்கு அடியிலிருந்து ஒரு எருமை பேசினமாதிரி இருந்தது.

“எனக்கு அங்க வரணும்டி.”

அந்தப் பக்கம் சிரிப்பு. அவள் சிரித்தால் நிறுத்தத் தெரியாது.

“ஐயோ, யாருங்க அது? என் வீட்டுக்காரர் எங்க?”

“நான்தான்டி” என்றேன். இரண்டாவது வார்த்தைக்குள் குரல் திரும்பிவிட்டது. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அது சிரிப்பு இல்லை.

வளையத்திலிருந்து வெளியே இழுத்தபோது டெக்னீஷியன் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“கோச்சுக்காதீங்கய்யா. அம்மாதான் சொன்னாங்க. நீங்க சண்டைக்கு முன்னாடி ஒரு பெரிய மூச்சு இழுப்பீங்களாம். கல்யாணம் ஆன நாள்லேருந்து பார்க்கறாங்களாம். ‘திருகு சத்தம் கேட்டா மூடுவார், என் சத்தம் கேட்டா திறப்பார், நான் பார்த்துக்கறேன்’னாங்க.”

படத்தை நுரையீரல் டாக்டர் காட்டினார். எலும்பு இல்லை, சதை இல்லை. செனான் போன இடம் மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் கறுப்பு என்றார். ஆக நான் பார்த்தது என் மூச்சை. மூச்சுக்கு உருவம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மின்சாரம் போன ஊரில் அங்கங்கே ஜெனரேட்டர் வைத்த வீடுகளைப்போல இருந்தது. மேலே கொஞ்சம் வெளிச்சம். இடது பக்கம் ஒரு தெரு. அடிப்பக்கம் முழுக்க இருட்டு.

“ரொம்ப பூட்டிக்கிடக்கு” என்றேன்.

“ஆமா. மலை வேணாம் பெரியவரே. மெஷினோடயும் வேணாம். நான் அனுப்ப மாட்டேன்.”

எனக்கு வயது போதும், சொன்னதைத் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்திருந்தேன். நாற்காலியிலிருந்து எழாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. தன் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“பாதி மலை வரைக்கும் போகலாம். போய்ட்டு அன்னிக்கே இறங்கிடணும். அதுக்கு மேல ஒரு வளைவுகூட வேணாம்.”

“பாதி மலைல என்ன சார் இருக்கு?”

“எனக்கென்ன தெரியும்? போய்ப் பாருங்க.”

பாதி மலையில் ஒன்றும் இல்லை. பஸ்கள் நின்று இன்ஜின் ஆறும் ஒரு திட்டு. ஒரு தேநீர்க் கடை, ஒரு கழிப்பறை, தகரக் கூரைக்கு அடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. நான் கீழிருந்து போனேன். மெதுவாக மூச்சு விட்டேன், உதடு நீலமாகிறதா என்று தேநீர்க் கடைக் கண்ணாடியில் பார்த்தேன். ஆகவில்லை. மேலிருந்து அவள் பஸ் இறங்கி வந்தது. கழுத்து வரை கம்பளிச் சட்டை. கன்னம் குளிரில் வெடித்திருந்தது. நான் வேர்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் இரண்டு வேறு மாசத்திலிருந்து வந்தவர்கள்போல இருந்தோம்.

“இளைச்சுட்டீங்க.”

“நீ பெருத்துட்ட.”

“கண்ணு வெக்காதீங்க.”

பெஞ்சில் உட்கார்ந்தோம். குழந்தையைப் பற்றிச் சொன்னாள். அது எழுத்துக்களைத் தலைகீழாக எழுதுகிறதாம், திருத்தினால் ‘நீ தலைகீழா பாரு’ என்கிறதாம். சொல்லும்போது கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். முன்பு அப்படிப் பேச மாட்டாள். புதிதாக வந்த பழக்கம். எனக்குத் தெரியாமல் வந்தது.

கேட்க வந்ததைக் கேட்டேன்.

“அன்னிக்கு சொன்னியே. நிம்மதியா இருக்கேன்னு. மூச்சு இழுக்க வெக்கத்தானே சொன்ன?”

“ஆமா.”

“பொய்தானே?”

அவள் தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பொய்யின்னா அவ்வளவு சரளமா வருமாங்க? அங்க எனக்குப் பிடிச்சிருக்கு. காலைல குழந்தை எழுந்ததும் என் முகத்தைத்தான் தேடும். அது எனக்குப் பிடிச்சிருக்கு.”

“என்ன யார் தேடறது? கீழ வந்துடேன்.”

“வருவேன். வந்து, உங்க பக்கத்துல உக்காந்து அதையே நினைச்சுக்கிட்டிருப்பேன். இப்ப அது பக்கத்துல உக்காந்து உங்கள நினைச்சுக்கிட்டிருக்கேன். ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அது சின்னதுங்க. நீங்க கிழவர். உங்களால தாங்க முடியும்.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இதில் என்ன சூது என்று துருவியிருப்பேன். இவள் சொன்னதை நம்பினேன். நம்பியதால்தான் வலித்தது.

“அடுத்த வாரம் வருவியா?”

“வருவேன். ஸ்வெட்டர் கொண்டுவாங்க, இங்க சாயங்காலம் காத்து மாறுது. இதே பெஞ்சுதானே?”

“வேற பெஞ்சு இல்ல.”

மேலே போகும் பஸ் ஹாரன் அடித்தது. அவள் எழுந்து, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, என் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுவிட்டாள். போனாள். பஸ் ஏறத் தொடங்கியது. மலையில் ஒரு வசதி, போகிற வண்டி உடனே மறைந்துவிடாது. முதல் வளைவில் மறைந்து அடுத்ததில் தெரிந்தது. மறுபடி மறைந்து, இன்னும் சின்னதாக, இன்னும் மேலே தெரிந்தது. எந்த ஜன்னல் அவளுடையது என்று சொல்ல முடியவில்லை. எல்லா ஜன்னலையும் பார்த்தேன்.

கீழே போகும் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து, “பெரியவரே, ஏறலையா?” என்றார்.

“அடுத்ததுல வரேன்” என்றேன். அவள் குடித்து வைத்த டம்ளர் கையில் இன்னும் சூடாக இருந்தது.